ஆறாம் பெட்டிக்குப் பிறகு ஐந்தாம் பெட்டி

மாத்தளை,
24.5.1967

அன்புள்ள நானா,

ஸலாம். உம்மா, வாப்பா, நான் மூன்று பேரும் சுகம். கொழும்பில் நீங்கள் சுகமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். இனி என் கோபத்துக்கு வருகிறேன்.

போன வருஷம் ஓகஸ்ட் மாதம் ஓ-லெவல் சோதனை விண்ணப்பப் படிவத்தைக் கையோடு கொண்டுவருவதாகவும், வாப்பாவிடம் பேசிச் சம்மதம் வாங்கித் தருவதாகவும் எழுதினீர்கள். ஐந்து நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் ஒரு போஸ்ட் கார்ட் வந்தது. மழை விட்டுவிட்டதாம், படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டார்களாம், வர முடியாதாம். கொழும்பில் மழை விட்டதற்கு மாத்தளையில் எனக்கு ஒரு வருஷம் போய்விட்டது.

எனக்கு இருபத்து நாலு வயது. பன்னிரண்டு வயதில் பெரிய பிள்ளை ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு உங்களுடைய பழைய புத்தகங்களைத்தான் படித்தேன். உங்கள் வாத்தியார் மெச்சிய கட்டுரைகளில் பாதியை எழுதியது யார் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். இல்லாவிட்டால் ஞாபகப்படுத்துகிறேன், நான்தான்.

நான் என்ன ஆக ஆசைப்படுகிறேன் என்பது உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். சிரிக்காமல் வாசியுங்கள். இன்னமும் எனக்கு நீதிமன்றத்தில் வழக்காடுகிற புரொக்டர் ஆகத்தான் ஆசை. பலாபத்வல மிளகுத் தோட்டத்து வழக்கு நடந்த பதினொரு வருஷமும் காணி உறுதிகளையும் கோட்டுக் கடிதங்களையும் வாப்பாவுக்கு வாசித்துக் காட்டியவள் நான். கிழக்கு எல்லையில் இருந்த பிழையைக் கண்டுபிடித்ததும் நான்தான். வெள்ளத்துக்கு முன் எழுதிய உறுதியில் இருக்கிற ஓடை வேறு, இன்றைக்கு ஓடுகிற ஓடை வேறு என்று நான் சொன்ன பிறகுதான் நம்முடைய புரொக்டர் ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். வழக்கு வென்றது. வாப்பா அவருக்குப் பலாப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தார். எனக்கு ஒரு சுளைகூட வரவில்லை.

இந்த வருஷம் விண்ணப்பம் ஓகஸ்ட் பதினைந்தோடு முடிகிறது. படிவம் அனுப்புங்கள். வாப்பாவுக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். அவர் சம்மதிக்காமல் நான் கண்டிக்குப் போய்ச் சோதனை எழுத முடியாது. இந்தத் தடவையும் போனால் நான் கேட்பதை நிறுத்திவிடுவேன் என்று பயமாக இருக்கிறது.

உங்கள் தங்கச்சி,
ஹமீமா


கொழும்பு,
2.6.1967

என் தங்கச்சி ஹமீமாவுக்கு,

நீ ஏசியது எல்லாம் எனக்குத் தகும். இன்னும் கொஞ்சம் ஏசியிருக்கலாம். படிவம் இதோடு இருக்கிறது. மடங்காமல் இருக்கட்டும் என்று அட்டைக்குள் வைத்து அனுப்புகிறேன்.

வாப்பாவுக்கு எழுதச் சொல்கிறாய். மூன்று வருஷத்துக்கு முன், "படம் புடிக்கப் போறவன் இந்தப் படியில ஏறப்படாது" என்று அவர் சொன்னபோது நீயும் அங்கேதான் நின்றாய். நான் எழுதினால் அவர் கடிதத்தைப் பிரிக்காமல் ஏலக்காய் மூட்டைக்கு மேல் போட்டுவிடுவார். நான் சிபாரிசு செய்தால் உன் காரியம் கெட்டுப்போகும் என்றுதான் தோன்றுகிறது. இது சாக்கு என்று நீ சொல்வாய். பாதி சாக்கு, பாதி உண்மை.

ஒரு நல்ல செய்தி. படம் முடிந்துவிட்டது. கதையும் நெறியாள்கையும் நான். பெயர் "கிழக்கு எல்லை". தலைப்பைப் பார்த்தே கோபப்படாதே, படத்தைப் பார்த்துவிட்டுக் கோபப்படு. சின்ன ஊரில் மிளகு வியாபாரி ஒருவருடைய மகன். படிக்க வசதி இல்லை, எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆனாலும் புரொக்டர் ஆகியே தீருவேன் என்று நிற்கிறான். கொழும்பில் போட்டுக் காட்டியபோது பொடியன்மார் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஒருவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாளைக்கே விட்ட படிப்பைத் தொடங்கப் போகிறேன் என்று அழுதான்.

மலைநாட்டுக்கு ஒரே ஒரு பிரதிதான். ஜூலை பதின்மூன்றாம் திகதி வியாழக்கிழமை இரத்தோட்டையில் இரண்டு மணிக்குத் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல் பெட்டிகளை மோட்டார் சைக்கிளில் மாத்தளைக்குக் கொண்டுவருவார்கள், அங்கே மூன்றரைக்குத் தொடங்கும். மொத்தம் ஆறு பெட்டி. மாத்தளையில் அன்று பெண்களுக்கு மட்டும் காட்சி. நீயும் உம்மாவும் எப்படியாவது போக வேண்டும். உன்னுடைய வார்த்தைதான் எனக்குப் பெரிது.

அன்புடன்,
நுஹ்மான்


மாத்தளை,
15.7.1967

நானா,

படம் பார்த்தேன்.

எப்படிப் போனோம் என்று முதலில் சொல்கிறேன், மற்றதைச் சொல்ல இன்னும் கோபம் ஆறவில்லை. வியாழக்கிழமை பகல் சாப்பிட்டதும், ஏலக்காய் பார்க்க இரத்தோட்டைக்குப் போகிறேன் என்று வாப்பா பஸ் ஏறினார். பஸ் வளைவில் திரும்பி மறைந்ததும் உம்மா சாரியை மாற்றிக்கொண்டு நின்றார். எனக்கே ஆச்சரியம். அடுத்த வீட்டு பீபி மாமி அன்றைக்கு இடியப்ப உரலைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். மூன்று பேரும் முக்காட்டை மூக்குவரை இழுத்துக்கொண்டு பின் வீதியால் போனோம். தியேட்டருக்குள் போனால் பாதி மாத்தளை அப்படித்தான் வந்திருந்தது.

நானா, அந்தப் பொடியன் யார்? பதினொரு வருஷம் வாப்பாவுக்கு உறுதி வாசித்துக் காட்டுகிறானே, அவன் யார்? விரலை வரிக்குக் கீழே வைத்து, "வாப்பா, இந்த ஓடை அந்த ஓடை இல்ல" என்கிறானே, அது யார் சொன்ன வசனம்? அந்த இடத்தில் உம்மா திரும்பி என்னைப் பார்த்தார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் இருந்தது அந்த ஒன்றுதான். அதை எடுத்துச் சட்டை போட்டு, மீசை வைத்து, ஊருக்கெல்லாம் காட்டிவிட்டீர்கள். அவனுக்கு ஒரு தங்கச்சியும் வைத்திருக்கிறீர்கள். அவள் தேத்தண்ணீர் கொடுக்கிறாள், புத்தகத்துக்கு அட்டை போடுகிறாள். அவன் காய்ச்சலில் விழுந்து, இனிமேல் படிக்கமாட்டேன் என்றதும் பக்கத்தில் இருந்து பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். அவ்வளவு தெரிந்தவள் ஏன் சோதனைக்குப் போகவில்லை என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா?

இனிமேல் நடந்ததைக் கேளுங்கள். நாலு பெட்டி ஒழுங்காக ஓடியது. அடுத்ததில் திடீரென்று உங்கள் கதாநாயகன் சித்தியடைந்து, கறுப்புக் கோட்டு போட்டு, நீதிமன்றப் படியில் ஏறினான். மாலை போட்டார்கள். "வணக்கம்" என்று எழுத்து விழுந்தது, விளக்கும் போட்டார்கள். எப்போது சோதனை எழுதினான் என்று யாருக்கும் விளங்கவில்லை. எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டு எழும்பும்போது விளக்கை அணைத்து மறுபடியும் படம் போட்டார்கள். பார்த்தால் அவன் பாயில் காய்ச்சலோடு கிடக்கிறான். பீபி மாமி, "புரொக்டரான பொறகும் காய்ச்சலா?" என்று கேட்டார். தியேட்டர் முழுக்கச் சிரிப்பு.

ஐந்தாம் பெட்டியையும் ஆறாம் பெட்டியையும் மாற்றிவிட்டார்கள் என்று அப்புறம்தான் விளங்கியது. அந்த ஐந்தாம் பெட்டி எதில் முடிகிறது என்று உங்களுக்குத் தெரியும். அவன் சோதனைக்குப் பஸ் ஏறிப் போகிறான். தங்கச்சி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறாள். அதோடு திரை வெள்ளையாகிவிட்டது. இந்தத் தடவை யாரும் எழும்பவில்லை. வேறு பெட்டி இருக்கிறது என்று நினைத்துக் காத்திருந்தோம். "அந்தப் புள்ள என்ன ஆனா?" என்று முன்னால் யாரோ கேட்டார்கள். பிறகு எல்லாரும் அதையேதான் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார்கள்.

வாப்பாவிடம் இன்னும் கேட்கவில்லை. படிவம் அலுமாரியில் இருக்கிறது. இன்னும் ஒரு மாதம்.

ஹமீமா


கொழும்பு,
20.7.1967

ஹமீமா,

இது எட்டாவது தாள். ஏழு தாளைக் கிழித்துப் போட்டேன்.

நீ எழுதியது உண்மை. எடுத்தேன். முதலில் நான் எழுதிய கதையில் அது பெண்தான். ஆஸியா என்று உம்மாவின் பெயரைத்தான் வைத்திருந்தேன். பொம்பளைப் புரொக்டர் படத்தை யார் பார்ப்பார்கள், பொடியனாக மாற்று என்று படத்துக்குப் பணம் போட்ட முதலாளி சொன்னார். நான் அவரோடு சண்டை பிடித்தேன் என்று எழுத ஆசைதான். பிடிக்கவில்லை. அன்று பின்னேரமே மாற்றிக் கொடுத்துவிட்டேன். எனக்குப் படம் எடுக்க வேண்டும் என்ற வெறி. நீ எழுதித் தந்த கட்டுரையை என் பெயரில் கொடுத்துப் பழகியவனுக்கு அது பெரிய கஷ்டமாகவும் இருக்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அந்தத் தங்கச்சியை மட்டும் விட மனம் வரவில்லை. அவளை வைத்துவிட்டால் உனக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பெட்டி விஷயத்தை விசாரித்தேன். இரத்தோட்டையில் படம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது. ஓடி முடிந்த ரீல்களை அடுக்கும்போது ஐந்தை ஆறின் பெட்டியிலும் ஆறை ஐந்தின் பெட்டியிலும் வைத்துவிட்டார்கள். முதலாளி ஏசினார், நானும் சேர்ந்து ஏசினேன். அறைக்கு வந்து உன் கடிதத்தைத் திரும்ப வாசித்தபோது ஏச மனம் வரவில்லை. கைதட்டல் வாங்குகிற முடிவு என்னுடையது. கேள்வி கேட்க வைத்த முடிவை அவர்கள் தவறுதலாகச் செய்துவிட்டார்கள்.

நான் வாப்பாவுக்கு எழுதுகிறேன். பிரித்தாலும் சரி, பிரிக்காவிட்டாலும் சரி. தேவையென்றால் நேரில் வந்து படிக்குக் கீழே நின்று பேசுகிறேன், ஏறக்கூடாது என்றுதானே சொன்னார். பதினைந்தாம் திகதிக்கு முன் வந்துவிடுவேன். இந்தத் தடவை மழை விட்டாலும் வருவேன்.

மன்னித்துக்கொள். உடனே வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக.

நுஹ்மான்


மாத்தளை,
30.7.1967

அன்புள்ள நானா,

வர வேண்டாம். கோபத்தில் சொல்லவில்லை, வாசியுங்கள்.

வியாழக்கிழமை காலையில் பீபி மாமி இடியப்பத் தட்டைத் திரும்ப வாங்க எங்கள் குசினிப் பக்கம் வந்தார். உம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். வாப்பா முன் அறையில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நாங்கள் படம் பார்த்தது அவருக்குத் தெரியாது. பீபி மாமியும் யார் பார்த்தது என்று சொல்லாமல் கெட்டிக்காரத்தனமாகத்தான் பேசினார்.

"அந்தப் படத்துக் கதைய நெனச்சா எனக்கு மனசே சரியில்ல. கடைசில அந்தப் புள்ள ஜன்னல்லயே நின்னுட்டாளாமே."

முன் அறையிலிருந்து வாப்பாவின் குரல் வந்தது.

"அது கடைசி இல்ல பீபி. அதுக்குப் பொறகுதான் அந்தப் பொடியன் கோட்டுப் படியில ஏறுறான்."

உம்மாவின் கை துருவலையில் அப்படியே நின்றது. "ஒங்களுக்கு யாரு சொன்ன?" என்றார்.

"சொன்னாங்க."

"யாரு?"

அதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எனக்குத்தான் பிழை கண்ட இடத்தில் சும்மா இருக்க முடியாதே. "மாத்தளையில அதுதான் வாப்பா கடைசி. பெட்டி மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று விளங்கியது. வாப்பா எழும்பி வந்து குசினி வாசலில் நின்றார். அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். பீபி மாமி தட்டைக் கூட எடுக்காமல் போய்விட்டார்.

"அப்ப நீங்க இரத்தோட்டையில ஏலக்கா பாக்கல்ல" என்றார் உம்மா.

"ஏலக்காயும் பாத்தேன்" என்றார் வாப்பா.

உம்மாவுக்கு வந்த சிரிப்பை நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாப்பா தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, தோட்டத்துச் சனங்களோடு மலிவு டிக்கெட் கலரியில் இருந்து பார்த்தாராம். சுவரில் ஒட்டியிருந்த கடதாசியில் உங்கள் பெயரைப் பார்த்தாராம். நல்லா இருந்ததா என்று உம்மா கேட்டதற்கு, சத்தம் கூடிப்போச்சு என்று மட்டும் சொன்னார்.

இனிமேல்தான் விஷயம். அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்த வாப்பா அலுமாரியைத் திறந்து பலாபத்வல வழக்குக் கட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இந்தக் கிழக்கு எல்லைய யாரு கண்டுபுடிச்ச?"

"நான் வாப்பா."

"அவன் யார்ட பேர்ல போட்டிருக்கான்?"

"பொடியன்ட பேர்ல."

"ஒருத்தர்ட காணிய இன்னொருத்தர்ட பேர்ல எழுதினா அது கள்ள உறுதி. அதுக்குத்தானே பதினொரு வருஷம் கோடு ஏறினேன். என்ட மகனே எழுதியிருக்கான்."

நான் உங்களுக்காகப் பேசப் போனேன். நம்பினால் நம்புங்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கட்டின் கயிற்றை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "அவன மட்டும் சொல்ல ஏலாது. ஒன்ன ஜன்னல்ல நிப்பாட்டினது அவன் இல்ல மகள். நான்தான்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாப்பா அப்படிப் பேசிக் கேட்டதே இல்லை. நான் பன்னிரண்டு வயதில் அழுதபோது அவர் அறைக்குள் வரவில்லை, அதை நான் மறக்கவில்லை. ஆனால் அன்று காலை அந்த ஆள்மேல் எனக்குக் கொஞ்சமும் கோபம் இருக்கவில்லை.

"சோதனைக் கந்தோருக்கு அனுப்புற கடதாசி ஒண்டு நீ ஒளிச்சு வெச்சிருக்கியாம். உம்மா சொன்னா. கொண்டா" என்றார்.

நான் நிரப்பிக் கொடுத்தேன், அவரே தபாலில் சேர்த்துவிட்டார். பதிவுத் தபால். இரசீதை வழக்குக் கட்டுக்குள் வைத்திருக்கிறார்.

உங்கள் கடிதமும் வந்தது. ஏலக்காய் மூட்டைக்கு மேல் போடவில்லை. பிரிக்கவும் இல்லை. தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் இப்போது வந்து படிக்குக் கீழே நின்றால் கள்ள உறுதிக்காரன் என்றுதான் தொடங்குவார். கொஞ்ச நாள் போகட்டும்.

உங்கள் தங்கச்சி,
ஹமீமா


கொழும்பு,
9.8.1967

என் ஹமீமாவுக்கு,

உன் கடிதத்தை நேற்றிலிருந்து நாலு தடவை வாசித்தேன். கலரியில் வாப்பா, தொப்பி பைக்குள். அதை நினைத்துச் சிரிக்கவும் முடியவில்லை, அழாமல் இருக்கவும் முடியவில்லை. கொழும்பில் நூறு பேர் கைதட்டினார்கள். சத்தம் கூடிப்போச்சு என்று வாப்பா சொன்னதுதான் எனக்குக் கிடைத்த விமர்சனம்.

கள்ள உறுதி என்பதை ஒப்புக்கொள்கிறேன். முடிவை மறுபடி படம் பிடித்து, அந்தத் தங்கச்சியையும் பஸ் ஏற்றிவிடலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். இந்தத் தடவை சண்டையும் பிடித்தேன். ஃபிலிம் இல்லை, நடித்த பிள்ளையும் யாழ்ப்பாணம் போய்விட்டது, உனக்குப் பைத்தியமா என்றார். தோற்றுத்தான் போனேன்.

கணக்குப் புத்தகம் இரண்டும் பழைய வினாத்தாள்களும் அனுப்பியிருக்கிறேன். கணக்கில் நீ வீக் என்று எனக்குத் தெரியும், மறைக்காதே. கண்டிக்கு உன்னோடு யார் வருவார்கள்? ஆளில்லை என்றால் எழுது. எந்தப் படப்பிடிப்பாக இருந்தாலும் விட்டுவிட்டு வருகிறேன்.

நுஹ்மான்


மாத்தளை,
14.12.1967

அன்புள்ள நானா,

எழுதி முடித்துவிட்டேன். இன்றைக்குக் கடைசித் தாள்.

கணக்கைப் பற்றிக் கேட்காதீர்கள். தமிழும் சரித்திரமும் நன்றாக எழுதினேன். கண்டியில் என் மேசைக்கு முன்னால் இருந்த பிள்ளைக்குப் பதினாறு வயது இருக்கும். முதல் நாள் என்னை ரீச்சர் என்று நினைத்து எழும்பி நின்றது. ஆறு நாளும் அதோடு நல்ல சிநேகம்.

யார் துணைக்கு வந்தது என்று கேட்டிருந்தீர்கள். ஆறு நாளும் வாப்பாதான் வந்தார். நோன்போடு காலை பஸ்ஸில் வந்து, மண்டபத்துக்கு எதிரே மரத்தடியில் இருந்தார். நான் எழும்பிக் கை காட்டும் தூரத்தில்தான். ஒரு நாளும் நல்லா எழுதினியா என்று கேட்கவில்லை. "எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதினியா?" என்று மட்டும் கேட்பார். எழுதினேன் என்றால், "அப்ப சரி" என்பார். பக்கத்தில் காத்திருந்த தகப்பன்மாரிடம் மகள் புரொக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். இன்னும் ஓ-லெவலே பாஸாகவில்லை வாப்பா என்று சொன்னேன். கேட்காதது மாதிரி நடந்தார்.

இன்று வரும் வழியில் பஸ் நிலையத்துக்குப் போகாமல் தபால் கந்தோருக்குள் நுழைந்தார். தந்திப் படிவத்தை வாங்கி என்னிடம் தந்து எழுதச் சொன்னார். ஒரு வசனம் சொல்வார், வேண்டாம், வெட்டு என்பார். முக்கால் மணித்தியாலம் அப்படியே போனது. வரிசையில் எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

அந்தத் தந்தி இந்தக் கடிதத்துக்கு முன்னால் உங்கள் கையில் இருக்கும். "ஹமீமா எல்லாத் தாளும் எழுதினாள். பெருநாளைக்கு வீட்டுக்கு வா" என்று இருக்கும். கீழே அப்துல் ஸமத் என்று பெயர் இருக்கும். நான்தான் வாப்பாவின் பெயரைப் போட்டு அனுப்பியிருக்கிறேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியும். நினைத்துக்கொண்டு பெருநாளைக்கும் கொழும்பிலேயே இருந்துவிடுவீர்கள். அதற்காகத்தான், நோன்பு திறந்த கையோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் இல்லை, நானா. வாப்பாதான். வாருங்கள்.

ஹமீமா